நான்கு நாளில் ஓர் ஆண்டு

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து இலையில் இருந்த பொன்னம்பலம் மாஸ்டர் சொன்ன ஒரு செய்திதான் காரணம்.

மாஸ்டர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் வீடு. எங்கள் பத்திரிகையின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் நான் ஒரு தவறு விட்டால் போதும், புதன்கிழமைக்குள் அவர் கடிதம் வந்துவிடும். மிக மரியாதையாக எழுதுவார்... அதுதான் கூடுதலாக வலிக்கும்.

"தம்பி, புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கினம், கேள்விப்பட்டனீரோ?" என்றார். "வியாழன் மாதிரிப் பெரிசு. ஆனா தன்ர சூரியனை நாலே நாளில சுத்தி முடிக்குதாம். இரும்பு உலை மாதிரிக் கொதிக்குதாம்."

நாலு நாளா?

அந்தக் கிரகத்தைப் பற்றி நானே எழுதியாகிவிட்டது. மறுநாள் வரும் பதிப்பில் முழுப் பக்கம். அதில் நான் எழுதியிருந்தது — நான்கு ஆண்டு!

நடந்தது இதுதான். புதன்கிழமை அந்தச் செய்தி வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஃபேக்ஸில் வந்தது. நம் சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரம். அதை ஒட்டிக்கொண்டு ஒரு ராட்சதக் கிரகம். ஆயிரம் டிகிரிச் சூடு. ஒரு சுற்றுக்கு நான்கு நாள்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வியாழன் சூரியனைச் சுற்றப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் இருந்தது. பெரிய கிரகம் என்றால் தூரத்தில், குளிரில்தானே இருக்கும்? வெளிநாட்டுக்காரன் அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டான் என்று முடிவு செய்தேன். தமிழில் எழுதும்போது 'நாள்' என்பதை 'ஆண்டு' ஆக்கினேன். சூட்டைக் குளிராக்கினேன். யாரையும் கேட்கவில்லை. இருபது வருடம் பத்திரிகையில் இருந்தவன் யாரைக் கேட்பது?

என் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் அடிப்பவர் புனிதா. தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு வருகிறார். கணவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். விபத்தில் இடுப்பு அடிபட்டு ஒரு வருடமாக வீட்டோடு இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். புனிதாவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

வியாழக்கிழமை மதியம் ஃபேக்ஸையும் என் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இதில் நாள் என்று இருக்கிறது, நீங்கள் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆபீசே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"புனிதா, உன் வேலை அடிக்கிறது. யோசிக்கிறது என் வேலை."

அவர் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு மணி நேரத்தில், அச்சுக்கு முன் நான் சரிபார்க்க வேண்டிய ப்ரூஃப் வந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் எழுத்தை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

இப்போது கல்யாண வீட்டுக்கு வருவோம். பாயசத்தைத் தொடாமல் எழுந்தேன். மண்டப ஆபீஸிலிருந்து அச்சகத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமையே அச்சாகிவிட்டதாம். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் லோரி கிளம்பியாகிவிட்டதாம். என்ன விஷயம் சார் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாஸ்டர் மட்டுமா படிப்பார்? பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டுகளில் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டுகிறார்களே! எத்தனை பிள்ளைகள் என் தவறை மனப்பாடம் செய்யும்? அதைவிட ஒரு முகம் போட்டு வதைத்தது. இரண்டு தாளோடு திரும்பிப் போன புனிதாவின் முகம்.

ஞாயிறு காலை விடிந்ததும் முச்சந்திப் பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

'நான்கு நாள்.'

மறுபடி படித்தேன். நான்கு நாள்தான். அடுத்த வரியில் 'கொதிக்கும் கிரகம்'. முந்தின நாளிலிருந்து முதுகில் சுமந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஐந்தடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரரே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். நான் கேட்டேனா என்றுகூட நினைவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முன்பே புனிதா ஆபீசில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை நீட்டினார். ராஜினாமாக் கடிதம்.

"நீங்க எழுதினத மாத்தினது தப்புதான் சார். ஆனா பிள்ளைங்க படிக்கிற பக்கம். தெரிஞ்சே தப்பா அடிக்க முடியல."

ஃபேக்ஸ்காரன் சொன்னதுதான் சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"புதன் கிரகம் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு. எண்பத்தெட்டு நாள்ல சுத்துது. இது அதவிட ரொம்பப் பக்கத்துல இருக்குன்னு ஃபேக்ஸ்லயே போட்டிருக்கே சார். அப்ப இன்னும் வேகமாத்தானே சுத்தணும்? பக்கத்துல இருந்தா சூடாத்தானே இருக்கும்லா?"

அவ்வளவுதான். அடுப்பங்கரையில் நின்ற எவருக்கும் புரிகிற கணக்கு. எனக்குத்தான் புரியவில்லை.

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வதாக இருந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு இரவு கணவரும் அவரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு அவராகவே சொன்னார். வேலை போனாப் போகட்டும், பார்த்துக்கலாம் என்றாராம் கணவர். படுத்த படுக்கையில் இருந்து அப்படிச் சொன்ன அந்த மனிதரை நான் இன்னும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு, எல்லாரும் கேட்கத் திட்டிய அதே இடத்தில் நின்று, எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்டேன். புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் உக்காருங்க சார், எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார். ஆபீஸ் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோடானுகோடி மைல் தூரத்தில் ஒரு கிரகம் நம் பாடத்துக்கு அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நம் அனுமதியைக் கேட்டா சுற்றும்? தெரிந்தவன் என்ற நினைப்புத்தான் கண்ணை மறைக்கிறது. அனுபவசாலிகளே, கொஞ்சம் ஜாக்கிரதை.

இந்த வாரத்திலிருந்து அறிவியல் பக்கத்தின் கீழே புனிதாவின் பெயரும் இருக்கும். தவறு கண்டால் எனக்கு எழுதுங்கள். சரியாக இருந்தால் அவருக்கு எழுதுங்கள்.