வெள்ளி விழாவில் அப்பா ஏற்றிய கொடி

“ஏளா, நீ மேடையில ஏறுனா பேசுவியா, அழுவியா? அத மொதல்ல சொல்லு.”

பெரியப்பா என்னிடம் இப்படிக் கேட்டது, நாட்டின் விடுதலை வெள்ளி விழாவை எங்கள் தெருவிலும் கொண்டாட முடிவாகி, என்னைப் பேச அழைத்திருந்தபோது. நான் அப்போது புகுமுக வகுப்பு மாணவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இத்தோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் முடிவு. நான் பட்டம் வாங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத அப்பா அன்று சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவ பேசட்டும் அண்ணே. அழாமப் பேசிட்டா மேல படிக்கட்டும். அழுதுட்டான்னா நீங்க சொல்லுத மாப்பிள்ளையப் பாப்போம்.”

பெரியப்பாவும் ஒப்புக்கொண்டார். என் படிப்பு அந்த ஒரு பேச்சை நம்பி நின்றது.

அப்பா பிறந்தது புன்னைக்காயலில். சிறு வயதிலேயே தகப்பனாரைக் கடலில் இழந்து, தூத்துக்குடிக்கு வந்து தோணியில் சமையல் ஆளாகச் சேர்ந்தார். பாய் கட்டவும் காற்றைப் பார்க்கவும் பழகி, தோணியை நடத்திச் செல்லும் தண்டலாக உயர்ந்தார். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன ஒரு பயணத்தில் புயல் பாய்மரத்தை முறித்தது. உடன் வந்த அத்தனை பேரையும் உயிரோடு கரை சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அம்மாவிடம் முதலில் கேட்டது, “கொழம்பு என்ன வச்சிருக்க?” என்பதுதான். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வெள்ளி விழாவுக்கு ஊரின் பெரிய மனிதர்களை எல்லாம் மற்றத் தெருக்கள் முன்னதாகவே பிடித்துக்கொண்டன. எங்களுக்குக் கொடியேற்ற ஆள் இல்லை. சாத்தான்குளத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் வழி சொன்னார்: “கயிறு புடிச்சே காச்சுப் போன கை நம்ம தண்டலுக்கு. அவர விட்டா வேற யாரு?”

அப்பா வெள்ளை வேட்டி உடுத்தி வந்து கயிற்றை இழுத்தார். கொடி உச்சியில் விரிந்தது, பூ உதிர்ந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அப்பா, கொடியைப் பாதிக் கம்பம் வரை இறக்கிவிட்டார்!

கை தட்டல் நின்றது. அரைக்கம்பத்தில் கொடி என்றால் துக்கம் அல்லவா?

“எந்தத் தலைவருல போயிட்டாரு?” என்று ஒருவர் கத்தினார். அண்ணாச்சி ஓடிப்போய்க் கடைப் பலகையை எடுத்து மாட்டத் தொடங்கினார். அப்பா பதறிக் கொடியை மேலே ஏற்றிவிட்டு, “கை தானாப் போயிருச்சு மக்கா” என்று என்னைப் பார்த்தார். அதற்குள், வெள்ளி விழாவில் கொடியை அவமதித்துவிட்டார் என்று சிலர் எழுந்துவிட்டார்கள்.

மனப்பாடம் செய்திருந்த பேச்சு முழுவதும் எனக்கு மறந்துபோனது. ஆனாலும் ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

“பெரியோர்களே, யாரும் சாகவில்லை. கடலில் போர்க்கப்பலைக் கண்டால், தோணியின் கொடியைப் பாதி இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். அது வணக்கம். அப்பா வாலிபராக இருந்தபோது அவர் தோணியில் பறந்தது வெள்ளைக்காரன் கொடி. அவன் கப்பலுக்கு முன் அதைத் தாழ்த்தாவிட்டால் ஏச்சு விழும். இன்று பறப்பது நம் கொடி. தாழ்த்து என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கண்டதும் அவர் கை தானாக வணங்கிவிட்டது. நீங்களும் பதில் வணக்கம் சொல்லுங்கள்!”

கூட்டத்திலிருந்த தோணிக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்து வீசி ஆரவாரம் செய்தார்கள். “இத மொதல்லயே சொல்லப்பிடாதா தண்டலே! பாதிக் கடைய அடைச்சிட்டேன்!” என்று அண்ணாச்சி பலகையோடு நின்று சிரித்தார். நான் மேலும் பேசினேன். எழுதி வைத்திருந்ததைவிட அதிகமாகவே பேசினேன். முடிவில் நன்றி கூற எழுந்த பெரியப்பாதான் பேச்சு வராமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏலே தம்பி, படிக்க வையில” என்பது மட்டும் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தே பழகிய அப்பா, நான் பட்டம் வாங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோது உடனே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன அண்ணாச்சிக்கும், முறை வைத்து அருகிலிருந்த தோணித் தோழர்களுக்கும், கடைசி ஜெபம் சொன்ன பங்குச் சாமியாருக்கும், அப்பாவின் முதலாண்டு நினைவு நாளான இன்று எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

எனக்கு எப்போது கல்யாணம் என்று வந்தவர்கள் கேட்கிறார்கள். சென்னையில் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டேன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலேற்றிவிட்டவர் பெரியப்பா.