ஏழு முட்டைகளும் இத்தா நாட்களும்

வஹீதுன்னிசாவின் கணவர் ஹபிபுல்லா ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு இறந்தார். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே பூட்டு, சாவி பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருந்தார். யாரோ ஒருவருடைய பீரோ சாவியை ராவிக்கொண்டிருந்தவர், அரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். சாவிக்காகக் காத்து நின்ற ஆள்தான் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

வஹீதுன்னிசாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே என்றார்கள். உள்ளே எதையும் வைத்திருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்க வேண்டிய காலம். சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு அறை வீடு. பின்பக்கம் தகரம் போட்ட சிறு இடம். மகன் முதஸ்ஸிர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டு, மனைவி அஃப்ஷீனோடு ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அரிசி, காய் வாங்கிப் போட்டுவிட்டுப் போவான். மற்ற நாட்களில் வஹீதுன்னிசா ஐந்து வேளை தொழுதாள், உலை வைத்தாள், வடித்ததில் பாதியைக் கோழிக்குக் கொட்டினாள்.

அது ஹபிபுல்லா ஜூன் மாதம் வாங்கி வந்த கோழி. இன்னும் முட்டையே வைத்திராத, செம்பட்டை நிற வெடைக்கோழி. எச்சம் நாறுகிறது என்று அவள் அதன் பக்கமே போனதில்லை. தீனி வைப்பது, அடைப்பது எல்லாம் அவர்தான். அவர் போனபின் செப்டம்பரில் அது முட்டையிட ஆரம்பித்தது. நவம்பர் நடுவில் ஒருநாள், தகரத்தடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் சட்டியில் போய் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. முட்டையை எடுக்கக் கையை நீட்டினால் சிறகை விரித்து உறுமியது. தீனியைப் பக்கத்தில் வைத்தாலும் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டுக் குப்பம்மா வந்து பார்த்தாள். வீட்டு வேலைக்குப் போகிறவள். சேவலும் நாலைந்து பெட்டையும் வளர்க்கிறவள்.

"அடைக்கு உக்காந்துகினு கீதுக்கா. தண்ணியில நாலு வாட்டி முக்கி எடுத்தா தெளிஞ்சிரும். இல்லாங்காட்டி முட்டை வெச்சிரலாம். உன்கிட்ட சேவல் இல்ல, இது முட்டையில குஞ்சு வராது. என் ஊட்லேந்து எடுத்தாரேன். இன்னா சொல்ற?"

வஹீதுன்னிசா கோழியைப் பார்த்தாள். அது எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரட்டும்" என்றாள். முக்கி எடுப்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

குப்பம்மா சட்டியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஏழு முட்டைகளை வைத்தாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். மழைக்காலம், இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஓரத்தில் ஒரு ஆணியும் ஒரு துண்டு அடுப்புக்கரியும் செருகினாள். இருபத்தியோரு நாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு வஹீதுன்னிசாவின் நாளில் ஒரு வேலை கூடியது. காலை பத்து மணி வாக்கில் கோழி ஒரே ஒரு முறை எழும். அவசர அவசரமாக நொய்யைக் கொத்தி, தண்ணீர் குடித்து, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் பூனை வராமல் அவள் நின்றாள். கோழி முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி அடிவயிற்றுக்குள் தள்ளிக்கொள்வதைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். சந்தோஷம் என்றோ பாசம் என்றோ எதுவும் இல்லை. பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும், நின்றாள்.

பதினேழாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாளாக விடாமல் பெய்தது. டிசம்பர் மூன்றாம் தேதி காலைத் தொழுகை முடித்து எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏரிக் கால்வாய் எங்கோ உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கோழி கத்தியது. அவள் கணுக்கால் தண்ணீரில் நடந்து போய், சட்டியைக் கோழியோடு தூக்கி வந்து கட்டில்மேல் வைத்தாள். அதன்பின் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு முதஸ்ஸிர் வந்தான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. நண்பன் திருமுருகன் ஓட்டும் குட்டி யானை வண்டியை மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். இத்தாவில் எப்படி வெளியே வருவது என்று அவள் கேட்கக்கூட இல்லை, அவனாகவே சொன்னான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டானாம், உயிருக்கு ஆபத்தென்றால் தாராளமாக வரலாம் என்றாராம். அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கோழிச்சட்டியை ஒரு போர்வையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மகன் பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தையும் கேஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

வழியெங்கும் வண்டி நின்று நின்று போனது. போர்வைக்குள் கோழி முட்டையைவிட்டு எழுந்து நின்றுவிட்டதை அவளால் உணர முடிந்தது. ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடி ஏறியபோது முட்டைகள் சில்லென்றிருந்தன. மாற்றுத் துணி ஒன்றுகூட எடுத்து வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதஸ்ஸிர் தலையைத் துவட்டியபடி கேட்டான். "அத்தாவோட போன் எடுத்தியாம்மா? செவுத்து அலமாரி கீழ்த்தட்டுல இருந்துச்சே."

"இல்ல."

அவன் துவட்டுவதை நிறுத்தினான். அந்தப் போனில் ஹபிபுல்லா பேசி அனுப்பிய செய்திகள் இருந்தன. அவர் இறந்தபின் சில நாட்களில், முதஸ்ஸிர் தன் போனைத் தொலைத்திருந்தான். தந்தையின் குரல் மிஞ்சியது அந்த ஒன்றில்தான்.

"கோழியத் தூக்கினு வந்தே. அத்தா போனை உட்டுட்டே" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அஃப்ஷீனுக்குக் கோழி என்றாலே அருவருப்பு. ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து பால்கனி மூலையில் வைத்தாள். போனில் தேடிப் பார்த்து, இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சூடில்லாமல் தாங்கும் என்று போட்டிருக்கிறது மாமி என்றாள். தன் பழைய நைட்டி ஒன்றில் முட்டைகளைப் பொதிந்து கொடுத்தாள். கோழி பால்கனிக் கம்பி ஓரமாகவே நடந்தது, பெட்டியைப் பார்க்கவில்லை. வஹீதுன்னிசா அதைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு, மேலே துணியைப் போட்டு இருட்டாக்கினாள். அரை மணி நேரம் உள்ளே பிறாண்டும் சத்தம். பிறகு ஓய்ந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தபோது, அது இறகை உப்பிக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

இருபத்தியோராம் நாள் காலை ஒரு முட்டையில் விரிசல் விட்டது. மாலைக்குள் இரண்டு குஞ்சு. மறுநாள் ஒன்று. பிறகு எதுவும் இல்லை. அதற்கு மறுநாள் கோழி மூன்று குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு பெட்டியைவிட்டு இறங்கியது. மீதி நாலு முட்டையின் பக்கம் திரும்பவில்லை.

குப்பம்மாவுக்குப் போன் போட்டாள். வெதுவெதுப்பான தண்ணியில் முட்டையை விட்டுப் பார், உயிர் இருந்தால் தானாக ஆடும் என்றாள் குப்பம்மா. வஹீதுன்னிசா பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து நாலையும் விட்டாள். தண்ணீர் அசைவது நிற்கும்வரை காத்திருந்தாள். ஒன்றும் ஆடவில்லை. ஒவ்வொன்றாக உடைத்தாள். இரண்டு கூமுட்டை. மற்ற இரண்டிலும் குஞ்சு முழுதாக இருந்தது. அலகு, கால் விரல், ஈர இறகு, எல்லாம் இருந்தன.

முதஸ்ஸிர் வேலைக்குக் கிளம்பி வந்தவன் பக்கத்தில் நின்றான். மூன்று நான்கு நாட்களாக அவளோடு சரியாகப் பேசாதவன்.

"எதனாலம்மா?"

"தெரியல. வண்டியில குளிர்ந்துபோச்சு. அதுவா இருக்கும்."

அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அத்தா போன் அங்க கீதுன்னு எனக்குத் தெரியும்டா. பாத்தேன். தண்ணி தட்டுக்கு ஏறுறதையும் பாத்தேன். எடுக்கணும்னு தோணல. கோழி கத்துச்சு, அதைத் தூக்கினேன். அவ்ளோதான் நடந்துச்சு."

அவன் ஒரு செய்தித்தாளை எடுத்து வந்து, இரண்டு குஞ்சுகளையும் அதில் சுற்றி, கீழே கொண்டுபோய் போர் குழாய் பக்கத்தில் புதைத்துவிட்டு அப்படியே பஸ்ஸுக்குப் போனான்.

தண்ணீர் வடிந்தபின் அவனே போய்ப் போனை எடுத்து இரண்டு கடையில் காட்டினான். இரண்டு பேரும் கைவிரித்துவிட்டார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை, அஃப்ஷீன்தான் சொன்னாள். வஹீதுன்னிசா கேட்டுக்கொண்டாள்.

ஜனவரி முதல் வாரத்தில் இத்தா முடிந்தது. நாலைந்து பெண்கள் வந்து துஆ ஓதி, அவளுக்குப் புதுச்சேலை கொடுத்தார்கள். மறுநாள் கோழியையும் குஞ்சுகளையும் ஒரு கூடையில் போட்டு, ஆட்டோவில் சென்னீர்குப்பம் திரும்பினாள். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. மூன்று நாள் கழுவினாள். குப்பம்மா வேலை முடிந்து வந்து கூட நின்றாள். ஒரு குஞ்சைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. இரண்டு மிஞ்சின.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் காலை, நொய் போடும்போது, கோழி தன் குஞ்சுகளை ஓங்கிக் கொத்தி விரட்டியது. அவை விலகி நின்று, மறுபடி அதன் பக்கம் போயின. மறுபடி கொத்தியது. வஹீதுன்னிசா பயந்து குப்பம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணியும் ஆவலக்கா. வளந்துட்சி, இனிமே அதுங்க வேற இது வேற. இன்னும் பத்து நாள்ல இது முட்டைக்கு வந்துரும் பாரு. திரும்ப அடைக்கு வெக்கலாமா?"

"அப்ப பாக்கலாம்" என்றாள் வஹீதுன்னிசா.

இரண்டு குஞ்சுகளும் கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றன. பிறகு ஒன்று மண்ணைக் கிளற ஆரம்பித்தது, மற்றதும் கிளறியது. அவள் கையில் மீதியிருந்த நொய்யை அவற்றின் பக்கம் வீசிவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.