அப்பா தூங்கிய பகல்

எனக்கு எட்டு வயது நடந்தபோது, ஆம்பூரில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் லாரி டிரைவர்களின் மனைவிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் இன்ஜினீயரிங் கல்லூரி வாத்தியார். நெடுஞ்சாலை டீக்கடைகளில் உட்கார்ந்து, கவிழ்ந்த லாரிகளைப் பற்றி மாதக்கணக்கில் விசாரித்தவர். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லப்பட்ட விபத்துகள் பலவற்றில் டிரைவர் கண்ணயர்ந்துவிட்டிருந்தார் என்பது அவர் கண்டது. டிரைவர்களிடம் சொன்னால் சிரித்தார்களாம். அதனால்தான் மனைவிகளைக் கூப்பிட்டிருந்தார். ராத்திரி ஓட்டி வந்தவரைப் பகலில் தூங்க விடுங்கள், யார் வந்து கேட்டாலும் எழுப்பாதீர்கள் என்றார்.

அதுவரை எங்கள் வீட்டில் அப்பாவின் தூக்கத்தை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. அன்றிலிருந்து அது சாமி காரியமாகிவிட்டது. அவர் படுத்துவிட்டால் ரேடியோ கிடையாது, அம்மியில் அரைக்கிற குழம்பும் கிடையாது. வெறும் ரசம்தான்.

அடுத்த வீட்டுக்காரரும் அப்பாவின் முதலாளியிடமே லாரி ஓட்டினார். உறவு கிடையாது, அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்குச் சித்தப்பா. அவர் மனைவி, என் சித்தி, ஷூ கம்பெனி வேலையால் வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாள் காலை இருவரும் ஹைதராபாத்திலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வழியில் இருவருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

வெயில் ஏறியதும் லாரி ஷெட் மேஸ்திரி வந்தார். பதப்படுத்திய தோல் உடனே மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டும், கப்பல் நிற்காது என்றார். அம்மா கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டு, அப்பா ஒடுகத்தூருக்குத் தங்கையைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு பொங்கியது. அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

மேஸ்திரி அடுத்த கதவைத் தட்டினார். அன்று கம்பெனி லீவு, சித்திதான் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணன் ஊர்ல இல்லியா அண்ணி?"

"இல்லப்பா," என்றாள் அம்மா. பிறகு, மேஸ்திரியைப் பார்க்காமல், "நீ கொஞ்சம் படுத்து எழுந்து போயேன்," என்றாள்.

"வந்து தூங்கிக்கறேன்."

சாயங்காலம் சேதி வந்தது. வாலாஜா தாண்டி, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதி, சித்தப்பா அங்கேயே போய்விட்டார். அப்பா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாதான் எழுப்பினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்னை ஏன் எழுப்பல?"

காரியம் முடிந்ததும் அப்பாவும் மற்ற டிரைவர்களும் அந்த வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனார்கள். மேஸ்திரியையும் உட்காரவைத்து வாத்தியார் பேசினாராம். ராத்திரி வண்டியோடு வந்தவனைப் பகலில் கூப்பிடுவதில்லை என்று கடைசியில் முதலாளி ஒத்துக்கொண்டார்.

அம்மா மட்டும் சாவு வீட்டுக்குப் போய் வந்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சித்தியைக் கண்டால் குடத்தோடு உள்ளே வந்துவிடுவாள். ஒரு மத்தியானம் என்ன நினைத்தாளோ, என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உட்காரவில்லை.

"அன்னிக்கு அவரு ஊருக்குப் போவல. வீட்டுலதான் இருந்தாரு," என்றாள்.

சித்தி முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்க்கா. கொறட்ட சத்தம் செவுத்துல கேட்டுக்கினே இருந்துச்சு."

அம்மா கேட்டாள்: "அப்ப ஏன் மேஸ்திரிகிட்ட சொல்லல?"

"ஒருத்தராவது தூங்கட்டும்னு உட்டுட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ குறட்டை என்றதுமே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைப்போல் விட்டுக்கூடக் காட்டினேன். யாரும் என்னை அதட்டவில்லை. இவ்வளவு வேடிக்கையான விஷயத்துக்கு இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.