கண்மணியக்கா பார்த்த உப்பு

நேற்று நோன்பு திறந்து, முதல் மிடறு கஞ்சி குடித்ததுமே என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "இதென்ன, கடல் தண்ணியா?" முந்தாநாள் உப்பே இல்லை என்று குறைப்பட்டதும் இதே மனுசன்தான். நோன்போடு சமைக்கிறவள் நாக்கில் வைத்தா பார்ப்பேன்? கைக்கு வந்ததைப் போடுகிறேன். ரம்பை இலை வாசம் மட்டும் சரியாக இருந்தது. அந்த வாசம் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கண்மணியக்காவிடம் விட்டது.

எழுபதுகளின் கடைசி. கல்முனைக்கு மேற்கே, வயலை ஒட்டிய எங்கள் சின்ன முஸ்லிம் ஊரில், கூலிவேலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தேவாலயம் ஒன்று பகல் சாப்பாடு போட்டது. பல பிள்ளைகளுக்கு நாளுக்கு அது ஒன்றுதான் சோறு. நடத்தியவர் பாதர். வருகிற பிள்ளைகளின் பெயரைப் பதிந்தவள் நான். அதற்கே எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட, நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். சமைத்தவர், பக்கத்துத் தமிழ் இந்து ஊரான பாண்டிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்த கண்மணியக்கா.

நோன்பு மாதம் வந்தால் பகலில் ஒரு பிள்ளையும் வராது. ஏழு வயதுப் பொடியன்கூட "நான் நோன்பு" என்று மார்தட்டுவான். ஆகவே பாதர், யாரிடமும் கேட்காமல், அந்த அரிசியை நோன்புக் கஞ்சிக்குத் திருப்பிவிட்டார். எங்கள் குசினியின் பெரிய கிடாரத்தில் காய்ச்சி, பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு ஊற்றினோம். உப்புப் பார்ப்பது கண்மணியக்கா. நோன்பில்லாத நாக்கு பாதருக்கும் இருந்தது. ஆனால் அந்த நாக்கைக் கண்மணியக்கா மதித்ததே இல்லை.

அரிசி அனுப்பும் மேலிடத்துச் சட்டமோ வேறு. அரிசி பகல் சாப்பாட்டுக்கு மட்டும். எந்த வணக்கத்தலத்துக்கும் கொடுக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துத் தந்தி வந்தது. உதவி அனுப்பும் வெள்ளைக்கார அம்மா, பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க மறுநாள் பகல் வருகிறாராம்.

"குசினிய இழுத்து மூடிருவாங்க," என்று பாதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளையள்தானே வேணும்? நான் கொண்டு வாறன்," என்றார் கண்மணியக்கா.

மறுநாள் உழவு மெசின் இழுத்துவந்த பெட்டி நிறையப் பாண்டிருப்புப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், வீடுவீடாகச் சேர்த்த தொப்பிகளைப் பனையோலைக் கடகத்தில் கொண்டுவந்தார். "அந்த அம்மாக்கு அனுப்பின போட்டோவில எல்லாம் புள்ளையள்ட தலையில தொப்பி இரிக்கே பாதர்!" என்றார். திருநீறு தெரியாமல் தொப்பிகளைப் புருவம்வரை இழுத்துவிட்டோம்.

"எனக்குப் பொய் வராது," என்று பாதர் புழுங்கினார்.

"நீங்க வாய் தொறக்காதீங்க. பொய்யெல்லாம் நாங்க பாத்துக்கொள்றம்," என்றார் மோதினார். அதுவும் நோன்போடு!

அம்மா வந்தார். பிள்ளைகள் பருப்புச் சோற்றை ஒரு பிடி பிடித்தார்கள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கையில், வேலிக்கு வெளியே எங்கள் சொந்தப் பிள்ளைகள், கச்சான் அனல்காற்றில் உதடு காய்ந்து, வரிசையாக வந்து நின்றார்கள். தான் விளிம்பில் நட்சத்திரம் கீறிவைத்த சாப்பாட்டுக் கோப்பையில் வேறொருவன் சோறு பிசைவதை அவர்களில் ஒருவனான ரபீக் பார்த்துவிட்டான்.

"டீச்சர்! அது என்ட கோப்பை! என்ட தொப்பியும் போட்டிரிக்கான்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நல்ல பிள்ளை. உடனே தொப்பியைக் கழற்றி நீட்டினான். நெற்றி நிறையத் திருநீறு.

அம்மா பாதரைப் பார்த்தார். மோதினாரைக் காணவில்லை. பாதர் இங்கிலீசில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். குசினியை மூடிவிட்டால், பெருநாள் முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் பகல் சோற்றுக்கு எங்கே போவார்கள்?

அம்மா, கஞ்சி எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார். மாலைவரை இருந்தார். கண்மணியக்கா உப்புப் பார்க்கும்போது தானும் ஓர் அகப்பை வாங்கிக் குடித்து, உப்புக் கொஞ்சம் குறைவு என்றாராம். பாதர் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம். "என்ட உப்பிலயா குறை?" கண்மணியக்கா இரண்டு நாள் பாதரோடு கதைக்கவில்லை.

குசினி தப்பியது. நோன்பு மாதத்தில் சாப்பாட்டை மாலைக்கு மாற்றலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்தது. தொப்பிகளும் துவைத்து மடித்துப் பாண்டிருப்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

எண்பதுகளில் சண்டை வந்து, தமிழருக்கும் எங்களுக்கும் நடுவில் காலம் கெட்டது. முதலில் அரிசி லொறி நின்றது. பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் பயந்து பயந்து வந்துபோனார்கள். பிறகு அதுவும் இல்லை. அன்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி நிறையப் பிள்ளைகளை ஏற்றிவிட்ட தாய்மாரை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கண்மணியக்கா கடைசியாக மீன்காரரிடம் சொல்லியனுப்பினார்: "எனக்கு வர ஏலாது. உப்ப ரெண்டு தரமாப் போடச் சொல்லுங்க டீச்சரிட்ட."

இரண்டு தரமாகத்தான் போடுகிறேன். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சியை இறக்குமுன், பழக்கத்தில் உப்புப் பார்க்க அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆறவைத்துவிட்டேன். யாரிடம் நீட்ட?