றெப்ரிக்குப் போட்ட கதிரை

மகள் வீட்டுக் கூரை ஓடுகளைக் காற்றுப் பிய்த்துக்கொண்டு போன கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, மருமகன் ஜூட் என்னை லண்டனில் ஒரு உதைபந்தாட்டத்துக்குக் கூட்டிப்போனார். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள். கடைசி நேரத்தில் எதிர்ப்பக்கத்தானின் கையில் பந்து பட்டது. மைதானம் முழுக்கக் கண்டது; நடுவராக நின்ற றெப்ரி மட்டும் காணவில்லை. சனம் தொண்டை கிழியக் கத்தியது. விசில் ஊதி முடித்ததும் காவலாளிகள் அவரை நடுவில் விட்டு உள்ளே கொண்டுபோனார்கள்.

ஜூட் கார் எடுக்கப் போய்விட்டார். நான் எழும்பவில்லை. மஞ்சள் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "றெப்ரி" என்றேன். உங்கள் மகனா என்றாள். இல்லை, கேள்வி இருக்கிறது என்றேன். அவள் சிரித்து, அவர் எப்போதோ பின்வாசலால் போய்விட்டார் என்றாள்.

காரில் ஜூட் சொன்னார்: "மாமா, இவங்கள் ஆருக்கும் பதில் சொல்லுறேல்லை. வாற கிழமை வேறை இடத்திலை நிண்டு ஊதுவான்."

மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயில் திருவிழா ஆட்டம் முடிந்ததும் கோல்கம்பத்தடியில் றெப்ரி உட்கார ஒரு கதிரை போடுவோம். தோற்றவர்கள் கேட்டு முடியுமட்டும் அவர் எழும்பக்கூடாது, அதுவரை வென்றவர்களுக்குக் கிண்ணமும் இல்லை. "அண்ணை, கண்ணிலை மீன்செதிலோ?" என்று ஒருவன் கேட்பான். "கண் நல்லாத்தான் இருக்கு, உன்ரை காலைத்தான் தேடிக்கொண்டு நிண்டனான்" என்பார் அமலதாஸ் அண்ணை. அவர்தான் எங்கள் றெப்ரி. கேட்டவனும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

சண்டைக் காலத்திலும் அந்த ஆட்டத்தை நாங்கள் விடவில்லை. அப்படி ஒரு வருஷம் என் தம்பி சூசை அடித்த பந்து வலைக்குப் பின்னால் போய் விழுந்தது. கோலுக்குக் கட்டியிருந்தது பழைய மீன்வலை, பக்கத்தில் ஒரு கிழிசல். முன்னால் நுழைந்து கிழிசலால் போனதென்றான் சூசை. கம்பத்துக்கு வெளியாலே போனதென்று அண்ணை கோலை மறுத்தார்.

கதிரை போட்டாயிற்று. சூசை கோபத்தோடு முன்னால் நின்றான். "முகம் கழுவிப்போட்டு வாறன் தம்பி. நீதான் முதலாள், எல்லாம் சொல்லுறன்" என்று அண்ணை கிணற்றடிக்குப் போனார். அங்கே ஜீப் நின்றது. "விசாரிச்சிட்டு விடுறம்" என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். கோயில் மணி அடித்த பிறகும் கதிரையை ஒருவரும் எடுக்கவில்லை. அவருடைய மனைவி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். மடு மாதா கோயிலுக்கும் நடந்தார். ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவனும் அவருக்கு முன்னால் வந்து இருந்து பதில் சொன்னதில்லை. இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

லண்டன் கதையைச் சூசையிடம் ரெலிபோனில் சொன்னேன். "அமலதாஸ் அண்ணை கோல் இல்லையெண்டே சொல்லட்டும். அவர் வந்து சொல்லட்டும்" என்றான். வாற திருவிழாவுக்குக் கதிரை வேண்டாமென்கிறார்களாம் ஆட்டம் நடத்துகிற ஊர்ப் பெடியள், சச்சரவு வருகுதாம், ஆட்டம் முடிந்த கையோடு றெப்ரியை மோட்டார்சைக்கிளில் ஏற்றி அனுப்பப் போகிறார்களாம் என்றும் சொன்னான்.

அன்று லண்டன் மைதானத்தில் நான் எழும்பியதும் இங்கத்தைக் கதிரை தானாக மடிந்துகொண்டது. ஊரில் போட்ட கதிரை எனக்குள் இன்னும் மடியவில்லை. இதை வாசிக்கிறவர்களில் ஆராவது மன்னார்ப் பக்கம் போனால், தாழ்வுபாட்டுப் பெடியளிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கோ: கதிரையை எடுக்க வேண்டாம், அந்தக் கோல்கம்பத்தடியிலேயே போடட்டும்.