மஞ்சள் பெயிண்ட் அடித்த மான்

காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போய், இறங்கி வெயிலில் நடந்து, அந்தப் பாறையைப் பார்த்தேன். போன வருடம் படம் போட்டு உங்கள் உயிரை வாங்கினேனே, அதேதான். எழுத்து பிறப்பதற்கு முன்பே யாரோ கல்லில் கொத்திவைத்த மான்.

இன்று அது பளபளவென்று மஞ்சளாக நின்றது. எனாமல் பெயிண்ட்.

பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிக்கொண்டிருந்த நிலத்துக்காரர் ஏழுமலை ஓடி வந்தார்.

"யாருங்க இப்படிப் பண்ணது?" என்று கேட்டேன்.

"நான்தான் சார். நல்லா இருக்குதுங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"போன தபா நீங்கதான சாக்பீஸால கோடு போட்டு போட்டோ புடிச்சீங்க? பத்திரமா பாத்துக்கங்கனு வேற சொன்னீங்க. ஒரே மழைல பூரா போயிடுச்சு சார். ஆபீசருங்க வந்தா உங்களுக்குத்தான கெட்ட பேரு? அதான், வீட்டு கேட்டுக்கு அடிச்சது போக மீதி இருந்த பெயிண்ட்ட அடிச்சிட்டேன். இனிமே எந்த மழைக்கும் அழியாது."

உண்மைதான். படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று வகுப்பிலிருந்து சாக்பீஸ் கொண்டுபோனவன் நான்தான்.

திட்ட வாய் திறந்தவன், அவர் நீட்டிய மோரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

பாறை சேதமாகாமல் பெயிண்டை எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். மானுக்கு ஏன் ஐந்து கால் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அன்றைக்கு என் சாக்பீஸ் ஒரு வெடிப்பின் மேலும் ஓடிவிட்டது. ஏழுமலை அதையும் விடவில்லை.