அன்புச்செல்வியின் கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

அன்புச்செல்வி என் தம்பி மணியின் மனைவி. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்த பிறகு, வீட்டில் இருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களைக் கொடுப்பார்கள். அவள் அதைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஓரத்தில் பூ வைத்து, பின்னால் கோபுரம் வைத்து, அச்சுக்கு அனுப்புகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். நான் சரசு, அவளுக்கு நாத்தனார். அடுத்த தெருவில்தான் என் வீடு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளிடம் இருந்தது மணி பாலிடெக்னிக் படித்த காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் யோசித்து, யோசித்து, அப்புறம் அப்படியே உறைந்து நின்றுவிடும். தை முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில், செங்கம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் புகழேந்தி சொல்லிவிட்டார்: "இந்த ஆல்பத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிக் குடுங்கம்மா. குடுத்துட்டா சீசன் வேலை பூரா உங்களுக்குத்தான். லேட்டாச்சின்னா நான் வேலூர்ல குடுத்துடுவேன்."

இது கைவிட்டுப் போனால் அவளைக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்த்துவிடுவதென்று மணி முடிவு கட்டியிருந்தான். அவளுக்கோ ஆல்பம் வேலை என்றால் உயிர்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. உள்ளே ஏதாவது ஒரு சாமானை மட்டும் மாற்றலாம். எதை மாற்றுவது? மணி ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரையும் கேட்டுவிட்டு வந்தான். தலைக்கு ஒன்று சொன்னார்களாம். கடைசியில் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் ரேம் ஜாஸ்தி பண்ணச் சொன்னார். அன்பு மட்டும், "பழைய ஹார்ட் டிஸ்க்குதாங்க இழுக்குது. அத எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு வேகமான டிஸ்க்கு ஒண்ணு போட்டா போதும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"கடைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றான் மணி.

நாள் போய்க்கொண்டிருக்கிறது, இதுகள் இப்படி நிற்கின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

வரன் பார்ப்பதோ நிலம் வாங்குவதோ, எதில் குழப்பம் வந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழி. ஒரு தாளில் வெள்ளைப் பூ, ஒரு தாளில் சிவப்புப் பூ மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வந்ததுதான் உத்தரவு, அதற்கு மேல் பேச்சில்லை. நந்தியாவட்டை வந்தால் ரேம், அரளி வந்தால் எஸ்.எஸ்.டி. என்று அண்ணாமலையார் படத்துக்கு முன் சொல்லிக் குலுக்கிப் போட்டேன். சின்னப் பிள்ளை எடுப்பது வழக்கம். வீட்டில் பிள்ளைகள் இல்லாததால் மணியையே எடுக்கச் சொன்னேன். பிரித்தான். வெள்ளை.

"ரேமுதான். சாமியே சொல்லிடுச்சி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

அன்பு போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போவாதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா அன்பு இது? சாமி உத்தரவு குடுத்தப்புறம் நீ யாரு தடுக்கறதுக்கு?"

"அண்ணி, தெரியாததத்தான் சாமிகிட்ட கேக்கணும். இது எனக்குத் தெரியும்" என்றாள்.

எங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் அழைத்துப்போய் ஆல்பத்தைத் திறந்தாள். வழக்கம்போலத் திரை நின்றுவிட்டது. உள்ளே எது எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லும் சின்னக் கட்டம் ஓரத்தில் இருந்தது, அதைக் காட்டினாள். "இது ரேமு. பாதிதான் செலவாவுது, மீதி சும்மா கெடக்குது. இது டிஸ்க்கு. நூத்துக்கு நூறுல நிக்குது பாருங்க. கரகரன்னு சத்தம் கேக்குதா? தெனமும் இதுமுன்னாடி ஒக்காந்திருக்கறது நான்தானே. நாமதான் கேக்கக் கூடாதத கேட்டுட்டோம். சாமி மேல தப்பில்ல."

"பூவ மீறி வாங்கி, அதும் சரியா வரலன்னா?" என்றான் மணி.

"ஜெராக்ஸ் கடைக்குப் போறேன். மறுபேச்சுப் பேச மாட்டேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சாமி குத்தம் என்றால் சும்மாவா? ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்த பிறகு இன்னொரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மனம் வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "டேய், அவ சொல்றத வாங்கிட்டு வா. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

மணி கம்ப்யூட்டரையே கடைக்குக் கொண்டுபோனான். அங்கே பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு அப்படியே மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. ஆல்பத்தைத் தட்டினாள். தட்டிய சூட்டோடு மணமக்கள் வந்து நின்றார்கள். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

வியாழக்கிழமையே ஆல்பம் முடிந்துவிட்டது. மூன்று பேரும் ஆட்டோவில் ஸ்டுடியோவுக்குப் போனோம். புகழேந்தி எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து அடுத்த கல்யாணங்களின் போட்டோக்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு மணியைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம சிஸ்டமும் இப்பல்லாம் இழுக்குதுப்பா. உங்களுது சரியாயிடுச்சாமே, நீ எத மாத்துன?"

மணி உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? இவளக் கேளுங்க."